காலி நாற்காலிக்கு ஒரு சிரமமும் இல்லை

எங்கள் தெருவை மாற்றுத் திறனாளிகளுக்காகச் சீரமைக்கும்வரை எனக்கு அந்தத் தெருவில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை எனக்கு. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும், எது இன்றைக்கு வராது என்று மைக்கில் சொல்பவள். எட்டு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டு குரலை மட்டும் விட்டுவைத்தது. அதை வைத்துத்தான் பதினோரு வருடமாகப் பிழைக்கிறேன். வீட்டிலிருந்து நிலையம் நானூறு அடி. வாசலில் சின்னதாக ஒரு சரிவு, அதில் சக்கர நாற்காலியை இறக்கினால் தெரு, முனையில் திரும்பினால் நிலையம். தெருவில் குண்டும் குழியும் ஏராளம். ஆனால் எல்லாம் எனக்குப் பழக்கமான குழிகள். எதை இடது பக்கம் ஒதுக்க வேண்டும், எதன் மேல் ஏற்றினாலும் பாதகமில்லை என்று என் கைக்குத் தெரியும். யாரையும் கூப்பிடாமல் காலையில் போவேன், மாலையில் வருவேன். நான் தனியாகச் செய்கிற காரியங்களில் அதுதான் பெரியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த நிலையில் நகராட்சியில் 'அனைவருக்குமான தெருக்கள் பிரிவு' என்று ஒன்றைத் திறந்தார்கள். பிரிவைத் திறந்துவிட்டால் அதற்கு ஒரு தெரு வேண்டுமே. சக்கர நாற்காலி ஓடுகிற தெரு எங்கே இருக்கிறது என்று ஊர் முழுக்கத் தேடி, எங்கள் தெருவைக் கண்டுபிடித்து, மாதிரித் தெரு என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் என்று என்னைச் சொல்ல முடியாது. அதுவாகத்தான் வந்து ஏறிக்கொண்டது.

மூன்று மாதம் வேலை நடந்தது. முடிந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் ஒன்பது அங்குல உயரத்துக்கு நடைபாதை எழும்பியிருந்தது. என் வாசல் சரிவை உடைத்து அள்ளிவிட்டு, நடைபாதையை வாசற்படியோடு சேர்த்துவிட்டார்கள். வண்டிகள் மேலே ஏறி மாற்றுத் திறனாளிகளை இடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒன்பது அங்குலமாம். இறங்குவதற்கு ஒரே ஒரு சாய்தளம். அது பஸ் நிலையத்துக்கு நேர் எதிர்த்திசையில், தெருவின் அந்தக் கோடியில். அதன் வாயிலும் நான்கு இரும்புக் கம்பங்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏறிவிடக் கூடாதென்று. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒன்றரை அடி. என் நாற்காலியின் அகலம் இரண்டடி ஓர் அங்குலம். மோட்டார் சைக்கிள்காரர்கள் கைப்பிடியைக் கொஞ்சம் ஒடித்துத் திருப்பி நிம்மதியாக ஏறிப் போகிறார்கள்.

கண் தெரியாதவர்களுக்கும் வசதி செய்திருந்தார்கள். புள்ளி புள்ளியாக மேடு வைத்த மஞ்சள் ஓடு. காலாலும் கோலாலும் தடவிக்கொண்டே போகலாம். நேர்கோடு பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று அதை அலை அலையாகப் பதித்து, மின்கம்பம் வந்த இடத்தில் அதைச் சுற்றி அழகாக ஒரு வட்டமும் போட்டுவிட்டார்கள். எங்கள் தெருப் பாட்டு வாத்தியார் முதல் நாள் அந்தக் கம்பத்தை மூன்று சுற்று சுற்றி, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி, சொந்த மனைவியிடம் "ஏம்மா, பஸ் நிலையத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். அதிலிருந்து அவர் நடுத்தெருவில்தான் நடக்கிறார்.

என்னால் அதுகூட முடியாது. என்னை நாற்காலியோடு தூக்கித் தெருவில் வைக்க ஆள் வேண்டும். தம்பிதான் தூக்கினான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவன் வர எட்டாகிவிடும். எனக்கோ ஏழே காலுக்கு முதல் பஸ். தினமும் தாமதம். தாமதம்கூடப் பரவாயில்லை. நாற்பத்தோரு வயதுப் பொம்பளையைத் தெருவே பார்க்கத் தூக்குவது இருக்கிறதே, அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் என் மடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். தம்பி மூச்சுவிடாமல் தூக்கி, இறக்கிய பிறகு மூச்சு வாங்குவான்.

"அக்கா, ஒரு மனு எழுதிப் போடேன்" என்றான்.

எழுதினேன். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் என்று நினைத்தேன். ஒன்பதாவது நாளே ஆள் வந்துவிட்டது. இந்தப் பிரிவிடம் எனக்குப் பயமே அதுதான், வேலை செய்கிறார்கள்.

பிரிவின் பொறியாளர் ஒரு சின்ன லாரியில் வந்தார். பின்னால் நான்கு தொழிலாளிகள். அவர்கள் நடுவில் ஒரு சக்கர நாற்காலி. வாங்கிய நாளில் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, சக்கரத்துக்கும் சேர்த்து. முதுகில் 'தர நாற்காலி' என்று சின்னத் தகடு. ஊரில் எந்தச் சாய்தளம் கட்டினாலும் அதில் இந்த நாற்காலி போய்வந்தால்தான் தேர்ச்சியாம்.

நால்வரும் அதை ஆளுக்கொரு மூலையில் பிடித்துத் தூக்கினார்கள். என் வாசலிலிருந்து சாய்தளம்வரை தூக்கிக்கொண்டே நடந்தார்கள். கம்பங்கள் வந்ததும் தலைக்கு மேலே உயர்த்தி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து என்னிடம், "பாத்தீங்கல்ல? தாராளமாப் போகுது" என்றார்.

"சார், உருட்டிப் பாக்கலையே?"

"உருட்டினா டயர் தேஞ்சிடும்மா. இது அளவு நாற்காலி. தேஞ்சா அளவே மாறிடும்."

"யாராவது உக்காந்தாவது பாக்கலாமே?"

அவர் பொறுமைசாலி. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "ஆளுக்கு ஆள் எடை மாறும். ஒருத்தரை உக்கார வெச்சா அது அவருக்கான தெரு ஆயிடும். காலி நாற்காலிதாம்மா எல்லாருக்கும் பொது. எங்க பிரிவோட பேரே 'அனைவருக்குமான'."

"பஸ் நிலையம் பக்கம் ஒரு சாய்தளம் போட்டா போதும் சார். ஒரே ஒரு சரிவு."

"அந்தப் பக்கம் எங்க வரைபடம் முடிஞ்சிடுதும்மா. அதுக்கப்புறம் அடுத்த தாள். அடுத்த தாள் வேற பிரிவு. நாங்க அதுல மூக்கை நுழைச்சா நல்லா இருக்காது."

பத்து நாளில் பதில் கடிதம் வந்தது. 'சோதனையில் தர நாற்காலிக்கு எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. மனுதாரரின் நாற்காலியில் மனுதாரர் அமர்ந்திருப்பதே இடையூறுக்குக் காரணம் எனத் தெரியவருகிறது. இனிவரும் காலங்களில் இதனைத் தவிர்க்குமாறு மனுதாரர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.' தம்பி சத்தம்போட்டுப் படித்தான். படித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

மறுநாள் அவன் மரக்கடையிலிருந்து ஒரு தடித்த பலகை வாங்கிவந்து, வாசலுக்கு நேராக நடைபாதை ஓரத்தில் சாய்த்துப் போட்டான். நாற்காலி அதில் ஜம்மென்று இறங்கியது. நான்கு நாள் நானாகப் போனேன், நானாக வந்தேன். ஐந்தாம் நாள் நடைபாதை ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு வந்து, பாதசாரிகளுக்கு இடையூறு என்று பலகையை எடுத்துக்கொண்டு போனது. எடுத்ததற்குச் சாட்சியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாததால் நானே போட்டேன்.

திரும்பவும் தம்பி. குனியும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்ற ஆரம்பித்திருந்தான். ஒரு திங்கட்கிழமை என்னைத் தெருவில் வைத்துவிட்டு நிமிர்ந்தவன், பாதியிலேயே அப்படியே நின்றுவிட்டான். டாக்டர் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றுவிட்டார். அன்றைக்கு நான் அழுதேன். எனக்காக இல்லை, அவனுக்காக. அதுவும் முழு உண்மை இல்லை. எனக்காகவும்தான்.

அந்த வாரமே எங்கள் தெருவுக்குப் பாதுகாப்பான தெரு விருது கிடைத்தது.

விழாவை எங்கள் வீட்டு எதிரிலேயே, தெருவில் மேடை போட்டு நடத்தினார்கள். முதலில் 'உணர்ந்து பார்ப்போம்' நிகழ்ச்சி. நகராட்சி ஆணையரும் அதிகாரிகளும் புதுச் சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்து, மாதிரித் தெருவை அனுபவித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தள்ள இரண்டு பேர், நிழலுக்கு ஒரு குடைக்காரர். ஒன்பது அங்குலம் வந்த இடத்தில் தள்ளுகிறவர்கள் தூக்கினார்கள். ஆணையர் தூக்கப்பட்டதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் என் வாசலில், நடைபாதையின் விளிம்பில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைக்கும் எனக்கும் பதினைந்து அடி.

ஆணையர் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, இன்று நான் பதினைந்து நிமிடம் மாற்றுத் திறனாளியாக வாழ்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு படிகூடத் தெரியவில்லை. நம் வீட்டைவிட வசதியாக இருந்தது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை. இந்த வசதி முன்பே இருந்திருந்தால் எத்தனையோ பேர் தயக்கமில்லாமல் மாற்றுத் திறனாளி ஆகியிருப்பார்கள்."

கை தட்டினார்கள்.

"புள்ளிவிவரம் சொல்கிறேன். இந்தத் தெரு திறந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் சக்கர நாற்காலி விபத்து எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை!"

எனக்கு வாய் சும்மா இருக்காது. பதினோரு வருடம் மைக்கில்லாமலும் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவள். "சார்," என்றேன், "தெருவுல சக்கர நாற்காலி தானா எறங்குனதே நாலு நாள்தான் சார்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆணையர் முகம் மலர்ந்தது. "அதைத்தாம்மா நானும் சொல்றேன்! எவ்வளவு பாதுகாப்பு பாருங்க."

எனக்கு ஒரு கேடயம் தருவதாகத் திட்டம் இருந்ததாம், பயன்பெற்றவர் என்ற முறையில். மேடைக்கு அழைத்துப்போக அந்த நான்கு தொழிலாளிகளும் வந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். பொறியாளருக்கு வருத்தம். நிகழ்ச்சி நிரலில் அச்சாகிவிட்டதே. கடைசியில் தர நாற்காலியை மேடையில் ஏற்றி, அதன் மடியில் கேடயத்தை வைத்து ஆணையர் படம் எடுத்துக்கொண்டார். உறை மேல் வெளிச்சம் பட்டுப் படத்தில் பளபளவென்று இருந்தது.

மறுநாள் பஸ் நிலைய மேலாளர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது சட்டைப் பித்தானைத் திருகுவார். வரும்போதே திருகிக்கொண்டு வந்தார்.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா. நீங்க வர்றதுக்குள்ள காலையில நாப்பது பேர் தப்பு பஸ்ல ஏறிடறாங்க. மெஷின் வாங்கிட்டாங்க. எல்லா அறிவிப்பையும் பதிவு பண்ணிட்டா பட்டனைத் தட்டினா போதும். குரல் உங்க குரலாத்தான் இருக்கணும்னு நான் சண்டை போட்டு வாங்கியிருக்கேன். ஒரு நாள் மட்டும் வந்து பேசிக் குடுத்திடுங்க. அதுக்கப்புறம் நீங்க அலைய வேண்டாம்."

அலைய வேண்டாம். எனக்கு அந்த அலைச்சல்தான் வேண்டியிருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிவிட, அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மெஷின் அறிவிப்பறைச் சுவரில் இரும்புப் பெட்டிக்குள் திருகி மூடப்பட்டிருந்தது. அறுபத்திரண்டு பஸ் அறிவிப்பு பேசினேன். பிறகு, கால் மணிக்கு ஒருமுறை தானாக ஓடுகிற பொது அறிவிப்புகள். உடைமைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், எச்சில் துப்பாதீர்கள், வரிசையில் நில்லுங்கள். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். எச்சிலுக்கும் வரிசைக்கும் நடுவில் நானாக ஒன்றைச் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் பேசுகிற அதே குரலில், அதே நிதானத்தில்:

'பயணிகள் கவனத்திற்கு. இந்த நிலையத்துக்கு அருகில் அனைவருக்குமான மாதிரித் தெரு ஒன்று உள்ளது. அதன் நடைபாதை ஒன்பது அங்குல உயரம். இப்போது பேசிக்கொண்டிருப்பவர் பதினோரு வருடம் அந்தத் தெரு வழியாகத் தன் சக்கர நாற்காலியில் தானாக வேலைக்கு வந்தவர். தெரு சீரமைக்கப்பட்டதால் இனி அவர் வர இயலாது. அவரது குரல் மட்டும் வழக்கம்போல் வந்துசேரும். சிரமத்திற்கு வருந்துகிறோம்.'

மூன்று வாரம் அது ஒரு நாளைக்கு அறுபது தடவை ஓடியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அறிவிப்பை யார் கேட்கிறார்கள்? வீட்டில் காற்று இந்தப் பக்கம் அடித்தால் எனக்கே கேட்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான் வருந்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான்காவது வாரம் ஆணையர் பஸ் நிலையத்தில் புதுக் கழிப்பறை திறக்க வந்தார். திறப்பு விழாவில் மௌனமாக நிற்க வேண்டிய ஒரு நிமிடம் இருந்திருக்கிறது. அந்த நிமிடத்தில் நான் பேசிவிட்டேன்.

அரை மணியில் மெஷினை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் அறுபத்திரண்டு அறிவிப்பும் நின்றுபோயின. அடுத்த இரண்டு நாள் யார் எங்கே போனார்கள் என்று கணக்கே இல்லை. துக்க வீட்டுக்குக் கிளம்பிய ஒரு கூட்டம் வேறொரு ஊரில் இறங்கி, அங்கேயும் ஒரு துக்க வீடு இருந்ததால் அழுதுவிட்டே திரும்பியது என்று கேள்வி. பொது அறிவிப்புகள் முழுவதும் ஒரே பதிவாம். நடுவில் ஒன்றை மட்டும் பிடுங்க முடியாதாம். புதிதாகத்தான் பேச வேண்டும். ஒரு நிலையத்துக்கு ஒரு குரல்தான் என்பது போக்குவரத்து விதி. அந்த ஒரு குரல் என்னுடையது.

பொறியாளர் வந்தார். இந்த முறை தர நாற்காலி இல்லை. தொழிலாளிகள் நால்வர் மட்டும்.

"வாங்கம்மா, ரெண்டு மணி நேர வேலை. இவங்க பூ மாதிரி தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"வர்றேன் சார். ஆனா தூக்க வேண்டாம். நான் காலி நாற்காலி இல்ல. நானே உருட்டிட்டு வர்றேன்."

"எப்படி வருவீங்க? ஒம்பது அங்குலம் இருக்கேம்மா!" என்றார். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவிலிருந்து அந்த வாக்கியத்தை முதல்முறையாகக் கேட்டேன்.

"சரிவு போட முடியாதும்மா. விருது வாங்கின வரைபடம். ஒரு கோடு மாத்தினாலும் விருது செல்லாது."

"அப்போ நான் பேச முடியாது."

அவர் வெளியே போய் யார் யாரிடமோ போனில் பேசினார். மாலையில் உத்தரவு வந்தது. அதில் சாய்தளம் என்ற சொல்லே இல்லை. 'பஸ் நிலைய ஒலி இடையூறு நீக்கம்: தற்காலிகக் கட்டுமானம்' என்று தலைப்பு. தெரு போட்ட அதே கொத்தனார்தான் வந்தார். அரை மூட்டை சிமெண்ட், கொஞ்சம் உடைத்த செங்கல். வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"அன்னைக்கே போட்டிருப்பேன் தாயி," என்றார் கரணையைக் கழுவிக்கொண்டே. "எனக்குத் தெரியாதா என்ன? தாள்ல கோடு நேரா இருந்துச்சு. கேட்டேன். உனக்கு எதுக்குன்னாங்க."

இரண்டு நாள் காய விட்டு, மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு இறங்கினேன். தம்பி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கையை முன்னால் நீட்டிக்கொண்டே நின்றான், விழுந்தால் பிடிக்க. முன் சக்கரங்கள் சரிவில் இறங்கியதும் என் வயிற்றில் ஒரு சந்தோஷம் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒன்று ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முனைவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் கையை நீட்டியபடியே நின்றான்.

அறிவிப்பறையில் மேலாளர் உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "கடைசி வரியைப் படிச்சீங்களா?" என்றார். படித்தேன். 'மறுபதிவு முடிந்த அன்றே மேற்படி தற்காலிகக் கட்டுமானத்தை இடித்து அகற்றி, மாதிரித் தெருவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும்.'

வெளியே முதல் பஸ் வந்து நின்றது. ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றார்கள். நான் மைக்கை இழுத்து, பஸ்ஸையும் இடத்தையும் சொன்னேன். ஓடினார்கள்.

மேலாளர் சட்டைப் பித்தானைத் திருகினார். "பதிவு பண்ற அளவுக்குக் குரல் இல்லையேம்மா," என்றார் மெதுவாக. "கொஞ்சம் கரகரப்பாத் தெரியுதே. அறிவிப்புக்குப் பரவாயில்லை. பதிவுக்கு ஆகாது."

"ஆமா சார். எனக்கே தெரியுது."

"அப்போ சரியாகறவரைக்கும் தினமும் வந்து பாருங்க. வந்த இடத்துல அறிவிப்பையும் சொல்லிடுங்க." பதிவேட்டைத் திறந்து 'கரகரப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்கு நாற்பத்தேழாவது நாள். தினமும் ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன். மேலாளர் தினமும் ஒரு வரி எழுதுகிறார். ஒரு நாள் கரகரப்பு, ஒரு நாள் லேசான இருமல். பாட்டு வாத்தியாரும் இப்போது என் சரிவில்தான் இறங்குகிறார். நாலு முழ நீளச் சரிவுக்காக ஆயுசு பூராவும் தொண்டை கட்டியவளாக இருக்க வேண்டும் என்றால் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இருக்கத்தான் போகிறேன்.

பொறியாளர் வாரம் தவறாமல் போன் செய்கிறார். "தொண்டை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறார். இன்னும் சரியாகவில்லை என்கிறேன். உண்மையாகவே கவலைப்படுகிறார். நேற்று பிரிவின் சார்பில் ஒரு பெட்டி நிறையத் தொண்டை மாத்திரை வந்தது, 'விரைவில் நலம் பெறுக' என்ற அட்டையோடு. அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். மறந்துபோய்க்கூட ஒன்றை வாயில் போட்டுவிடக் கூடாது.